விற்பனைக்கு அல்ல!

"ஆஆஆ...!"

ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. குனிந்து உள்ளே போன மனைவியின் அலறல் மட்டும் முழுசாக வெளியே வந்தது.

கறாரின் கையில் இருந்த பூட்டு நழுவி அவர் கால் மேலேயே விழுந்தது. வலிக்கக்கூட நேரமில்லை. ஓடினார்.

கறார் என்பது அவர் பெயர் இல்லை. தெருவே கூடி வைத்த பட்டம். அரசு லைசென்ஸ் வாங்கி மதுவும் சிகரெட்டும் விற்கிற கடை அவருடையது. வாங்க வருகிறவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தாலும் விடமாட்டார். "கார்டைக் காட்டுங்க... வயசைப் பார்க்கணும்!" என்பார். பக்கத்து வீட்டுக்காரர், பல் செட் வைத்தவர், பேரன் எடுத்தவர் என்று யாருக்கும் சலுகை கிடையாது. பாதிப் பேர் அவரைத் திட்டிக்கொண்டே கார்டோடு வந்தார்கள். மீதிப் பேர் கார்டு இல்லாமல் வந்து திட்டினார்கள்.

உள்ளே...

சிகரெட் அலமாரிக்கும் பீர் பெட்டிகளுக்கும் நடுவே ஒரு ஆள் குப்புறக் கிடந்தான்!

வெள்ளைச் சட்டை. கறுப்புப் பேண்ட். தலைமாட்டில் உடைந்த பாட்டில். தரையில் ஓடிப் பரவி நின்ற...

சிவப்பு!

"ரத்தம்ங்க... ரத்தம்!" மனைவி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"கத்தாதடி! தெரு முழிச்சுக்கப் போகுது!"

"என்ன மாமா, காலங்காத்தால அக்காவை அழ வெக்கறீங்க?" என்றபடி டீ டம்ளரோடு உள்ளே குனிந்தான் மச்சினன். மனைவியின் தம்பி. கடையில் வேலை பார்ப்பதாகச் சொல்லிக்கொள்கிறவன்.

தரையைப் பார்த்தான். டீ பாதி தரைக்குப் போனது.

"யா... யாரு மாமா இது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். கிட்டப் போய் நாடியைப் பாருடா."

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

"பொண்ணு பாக்கப் போன இடத்துல எல்லாம் ஆஸ்பத்திரியில வேலை பாத்தேன்னு சொன்னியே!"

"அது ஆஸ்பத்திரி கேன்டீன்ல மாமா!"

"பரவாயில்ல, பாரு!"

மச்சினன் எட்டி நின்றபடியே கையை நீட்டினான். கிடந்தவனின் மணிக்கட்டை இரண்டு விரலால் தொட்டான். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான்.

"நாடி இல்ல மாமா... கை ஜில்லுன்னு இருக்கு. ஆள் போயாச்சு!"

கறார் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் லைசென்ஸ் தொங்கியது. அதன் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு. போன வருஷம் மச்சினன் செய்த கைங்கரியம் அது. பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவனுக்கு சிகரெட் பாக்கெட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டான். "மீசை இருந்துச்சு மாமா!" என்று இன்றுவரை அதற்கு விளக்கம் சொல்கிறான். இன்னொரு முறை சிவப்பு மை பட்டால் லைசென்ஸ் ரத்து. அதற்குப் பிறகு இந்தக் குடும்பத்தில் யாருக்கும் லைசென்ஸே கிடையாது. கடை போனால் கறாருக்கு வேறு தொழிலும் தெரியாது, வேறு வாழ்க்கையும் தெரியாது.

இன்றைக்குத்தான் அதைப் புதுப்பிக்கக் கடைசி நாள். புதிதாக மாற்றலாகி வந்த ஆபீசர் நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

கறார் போனை எடுத்தார்.

"யாருக்குங்க?"

"போலீசுக்கு."

மனைவி போனைப் பிடுங்கினாள்.

"கடைக்குள்ள அசம்பாவிதம் நடந்தா, விசாரணை முடியற வரைக்கும் சீல்னு நீங்கதானே வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பீங்க? சீல் வெச்ச கடையில ஆபீசர் எதைப் பாத்துக் கையெழுத்துப் போடுவாரு?"

"யாரு பெத்த புள்ளையோடி... பாவம்."

"எனக்கு மட்டும் பாவமா இல்லையா? உயிரோட கெடந்தா நானே தோள்ல போட்டுக்கிட்டு ஓடுவேன். போனவர் போயிட்டாரு. மத்தியானம் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்க மாட்டாரா? ஆபீசர் அந்தப் பக்கம் போகட்டும், நீங்க இந்தப் பக்கம் போன் பண்ணுங்க!"

கறார் திரும்பினார். மச்சினனை மேலும் கீழும் பார்த்தார்.

"நேத்து கடை சாத்தினது நீதானே? உள்ள எப்படிடா ஆள் வந்தான்?"

"ஷட்டரை இறக்கினதுதான் நான். பூட்டினது நீங்க! நேரம் ஆச்சு, நேரம் ஆச்சு, ஒரு நிமிஷம் தாண்டினாலும் விதிமீறல்னு கத்தினீங்களே... உள்ள யாராவது இருக்காங்களான்னு பாக்க விட்டீங்களா?"

மனைவி மெதுவாகக் கறாரின் காதருகே வந்தாள்.

"என்னங்க... கார்டு இல்லன்னு சண்டை போட்டவங்க யாராவது... நீங்க கோபத்துல ஏதாவது...?"

"ஏய்! நான் கொலையே பண்ணினாலும் முதல்ல கார்டு கேட்டுட்டுத்தான்டி பண்ணுவேன்!"

அதில் நியாயம் இருந்தது. மனைவி நம்பினாள்.

பெட்டி தள்ளுகிற வண்டி வந்தது. ஆளைப் புரட்டிப் பார்க்க யாருக்கும் துணிச்சல் இல்லை. "முகத்தைப் பாத்தா எனக்கு ஆறு மாசத்துக்குத் தூக்கம் வராது" என்று மனைவி முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டாள். குப்புறக் கிடந்தவனைக் குப்புறவே வண்டியில் ஏற்றினார்கள். பீர் வைக்கிற குளிரறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

பெட்டிகளுக்குப் பின்னால் கிடத்தியாயிற்று.

கறார் நகரவில்லை. பையைத் துழாவினார்.

"என்ன மாமா தேடறீங்க?"

"லேபிள்."

"எ... எதுக்கு?"

"விற்பனைக்கு இல்லாத பொருள் எதுவா இருந்தாலும் லேபிள் இல்லாம சரக்கு அறையில வெக்கக் கூடாது. என் சாப்பாட்டு டப்பாவுலயே ஒட்டியிருக்கேன், பாக்கல?"

"மாமா... இது பிணம்!"

"அப்ப விக்கப் போறோமா?"

மஞ்சள் லேபிளை உரித்து முதுகில் ஒட்டி, மூலைகளை நன்றாக அழுத்திவிட்டார். பழக்கதோஷம். கை தானாகச் செய்தது. அதற்குப் பிறகுதான் அவர் கண்கள் கலங்கின.

"மன்னிச்சுக்கப்பா" என்று முதுகைப் பார்த்துச் சொன்னார்.

"வெளிய பூட்டிடவா மாமா?"

"கூடாது! உள்ள ஆள் மாட்டிக்கிட்டா?"

"செத்தவன் எப்படி மாமா மாட்டிப்பான்?"

"செத்தவன், உயிரோட இருக்கறவன்னு விதியில பிரிச்சு எழுதல. பின்பக்க அவசர வழியையும் திறந்து விடு. கடை திறந்திருக்கும்போது அது பூட்டியிருக்கக் கூடாது."

மச்சினன் தலையில் அடித்துக்கொண்டு போய்த் திறந்துவிட்டான்.

தரையைத் துடைத்தார்கள். துடைத்த இடத்தில் கறார் மறக்காமல் 'தரை ஈரம்' பலகையை வைத்தார். குளிரறைக் கதவுக்கு முன்னாலேயே மூன்று பேரும் நின்று குசுகுசுத்தார்கள்.

"ஆபீசர் எப்படி இருப்பாராம்?"

"புதுசு. யாரும் பாத்ததில்ல. ஆபீசர் வந்ததும் நீ வாயைத் திறக்காத!"

"ஆபீசர் இந்தக் கதவைத் திறக்கச் சொன்னா?"

"ஆபீசர் திறந்தா நாம தொலைஞ்சோம்!"

டிங்!

வாசல் மணி. மூன்று பேரும் ஒரே நேரத்தில் குதித்தார்கள்.

வந்தது ஆபீசர் இல்லை. கையில் குடையோடு ஒரு அம்மாள். நரைத்த கொண்டை, மூக்குக் கண்ணாடி, தோளில் பெரிய பை.

"ஒரு சிகரெட் பாக்கெட் குடுங்க."

கறாருக்கு உடம்பெல்லாம் வியர்த்துக்கொண்டிருந்தது. ஆனாலும் வாய் பழக்கத்தை விடவில்லை.

"கார்டு?"

"என்ன கார்டு?"

"வயசுக்கு அத்தாட்சிம்மா."

குடைக்காரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள்.

"எனக்கு ரெண்டு பேத்தி இருக்காங்கய்யா."

"பேத்திகளைக் கூட்டிட்டு வந்தாலும் கார்டு வேணும்மா."

"என் தலையைப் பாரு. இது என்ன நிறம்?"

"தலைக்கு மை அடிக்கிற மாதிரி வெள்ளையும் அடிக்கலாம். சட்டம் மூஞ்சியைப் பாக்காதும்மா, கார்டைத்தான் பாக்கும்."

"சரியான கிறுக்குக் கடைய்யா இது!"

குடையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

"ஒரு பாக்கெட்டைக் குடுத்து அனுப்பியிருக்கலாம்ல? ஆபீசர் வர்ற நேரத்துல இது வேற" என்று மனைவி முணுமுணுத்தாள்.

டிங்!

இந்த முறை வந்தவன் ஆண். வெள்ளைச் சட்டை. நெற்றியில் ஒரு புடைப்பு. கண்கள் சிவந்திருந்தன. ஒரு கறுப்பு ஃபைலைக் கைக்குழந்தையை அணைப்பதுபோல மார்போடு அணைத்திருந்தான்.

"உரிமத் துறையிலேர்ந்து வர்றேன்" என்றான்.

ஆபீசர்!

"வ... வாங்க சார்! உக்காருங்க சார்!"

"உக்கார நேரமில்ல. என்னய்யா, கடை இவ்வளவு குளிரா இருக்கு?" பற்கள் லேசாகத் தந்தியடித்தன.

கறார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். மின்விசிறிகூட இன்னும் போடவில்லை.

வந்தவன் கவுண்ட்டருக்கு எதிரே நின்று கடையை ஒரு சுற்றுப் பார்த்தான். சுவரில் இருந்த லைசென்சைப் பார்த்துத் தலையை ஆட்டினான். பிறகு ஒரு கண்ணைச் சிமிட்டினான்.

"குளிரறையைப் பாக்கலாமா?"

மூன்று பேரும் குளிரறைக் கதவைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

"அது... ரிப்பேர் சார்!" மனைவி முந்திக்கொண்டாள்.

"ரிப்பேரா! அய்யய்யோ... அப்ப உள்ள இருக்கறது கெட்டுப்போயிடுமே!"

"உள்ள ஒண்ணும் இல்ல சார்!"

"அப்படியா? குப்புறப் படுத்த மாதிரி ஏதோ ஒண்ணு இருக்குன்னு கேள்விப்பட்டேனே."

கறார் மனைவியைப் பார்த்தார். யாருக்கும் தெரியாத விஷயம்! இவருக்கு எப்படி...?

"யா... யார் சார் சொன்னாங்க?"

"எங்க டிபார்ட்மெண்டுக்குச் சுவர் பூரா காது. சரி, திறங்க பாக்கலாம். இல்ல... திறக்க வேண்டாம்னா அதுக்கும் வழி இருக்கு." ஃபைலை அணைத்த கையிலிருந்து ஒரு விரலை மட்டும் நீட்டிக் கல்லாப்பெட்டியைக் காட்டினான். "என்னைக் கவனிச்சு அனுப்புங்க. நான் எதையும் கவனிக்க மாட்டேன்."

மனைவி, தம்பிக்குக் கண் காட்டினாள். மச்சினன் நழுவிப் பின்பக்கம் போனான். போன வேகத்தில் திரும்பினான். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

கறாரின் காதில் கிசுகிசுத்தான்.

"மாமா... அது இல்ல!"

"எது?"

"பிணம்... காணோம்!"

கறார் குளிரறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிணம் எங்கே போகும்? யார் எடுத்திருப்பார்கள்? கொன்றவனே திரும்பி வந்தானா?

டிங்!

குடைக்காரம்மா மறுபடியும்! வந்தவனுக்குப் பின்னால் வந்து நின்றாள். கறாரிடம் ஒரு தாளை நீட்டினாள்.

"இந்தாய்யா கார்டு. இப்ப பாக்கெட்டைக் குடு."

கறார் தாளைப் பார்த்தார். பிறந்த தேதி எழுதிய பக்கத்தின் நகல். பிணம் காணாமல் போயிருந்தது. ஆபீசர் லஞ்சம் கேட்டு நின்றார். தலைக்கு மேல் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது.

"நகல் செல்லாதும்மா. அசல் வேணும்" என்றார்.

"அட, குடுத்துத் தொலைய்யா!" வந்தவன் எரிந்து விழுந்தான். "அந்தம்மாவுக்கு என்ன பதினாறு வயசா? கிழவிகிட்டப் போய் கார்டு கேட்டுக்கிட்டு!"

கறார் நிமிர்ந்தார்.

உரிமத் துறை ஆபீசர்... கார்டு இல்லாமல் விற்கச் சொல்கிறாரா? லஞ்சம் கேட்கிற ஆபீசரைக் கூட அவர் கேள்விப்பட்டிருக்கிறார். இப்படிச் சொல்லுகிறவரை அல்ல.

"என்னைச் சோதிக்கிறீங்களா சார்? நீங்களே சொன்னாலும் குடுக்க மாட்டேன்."

குடைக்காரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வந்தவனின் முதுகைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள். விறுவிறுவென்று வெளியே போனாள்.

"அந்தக் கதையை விடுங்க. கல்லாவைத் திறக்கறீங்களா, கதவைத் திறக்கறீங்களா?"

மனைவி கறாரின் கையைத் தொட்டாள். அவள் கண்ணில் நீர் முட்டியது.

"குடுத்துடுங்க. இத்தனை வருஷம் நெருப்பா இருந்தீங்க, போதும். கடை போச்சுன்னா நாம எங்கங்க போவோம்?"

கறார் வாழ்க்கையில் யாருக்கும் பத்து காசு லஞ்சம் கொடுத்ததில்லை. அவருக்கு அவமானமாக இருந்தது. அழுகை வந்தது. கல்லாவின் சாவியைத் திருகினார்.

வந்தவன் இளித்தான்.

"புத்திசாலி. அப்படியே அந்தச் சின்ன பிராந்தி ஒண்ணும் எடுத்துக்கறேன். ராத்திரியிலேர்ந்து தலை பிளக்குது."

சொல்லிக்கொண்டே வாசல் பக்கத்து அலமாரியை நோக்கித் திரும்பினான்.

முதல் தடவையாக அவன் முதுகு தெரிந்தது.

முதுகில், வெள்ளைச் சட்டையின் நட்டநடுவே, மூலைகள் நன்றாக அழுத்தப்பட்ட ஒரு மஞ்சள் லேபிள்!

*விற்பனைக்கு அல்ல!*

"பே... பே... பேய்!" மச்சினன் அக்காவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டான்.

மனைவி முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டாள்.

கறார் பார்த்தார். பேய்க்கு நெற்றி புடைக்குமா? பேய் பிராந்தி கேட்குமா? மளமளவென்று எல்லாம் விளங்கியது. சாத்துகிற நேரத்தில் உள்ளே பதுங்கியவன். ராத்திரி முழுக்க வெளியே போக வழியில்லாமல் குடித்து விழுந்தவன். குளிரில் விழித்தவன். கதவுக்கு மறுபக்கம் இவர்கள் ஆபீசர், ஆபீசர் என்று நடுங்கியதைக் கேட்டு, அவசர வழியில் நழுவி, முன்வாசலில் ஆபீசராக வந்து நின்றவன்!

கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் முதலில் வந்தது நிம்மதி. காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்கியது.

"உயிரோடதான் இருக்கியா! நல்லா இருப்பா! நூறு வயசு இரு!"

வந்தவன் குழம்பித் திரும்பினான்.

அப்புறம்தான் கோபம் வந்தது.

"பாட்டிலைக் கையில எடுத்துட்டல்ல? கார்டை எடு!"

"யோவ்! ஆபீசர்கிட்டயே கார்டா?"

"ஆபீசரா இருந்தா ஆபீசர் கார்டு. திருடனா இருந்தா திருடன் கார்டு. எதுவா இருந்தாலும் அசல்!"

டிங்!

"அசல்தானே? இந்தாய்யா!"

குடைக்காரம்மா! கவுண்ட்டர் மேல் பட்டென்று ஒரு கார்டை வைத்தாள். அவள் பின்னால் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு போலீஸ்காரர் நின்றார்.

கறார் கார்டை எடுத்தார். வழக்கம்போல முதலில் பிறந்த தேதியைப் பார்த்தார். சரியாக இருந்தது. பிறகுதான் மேலே அச்சடித்திருந்ததைப் படித்தார்.

அரசு முத்திரை. உரிமத் துறை. ஆய்வு அதிகாரி!

"மே... மேடம்...!"

"நான்தான் உங்க ஆபீசர்" என்றாள் குடைக்காரம்மா. குடையின் முனையை வெள்ளைச் சட்டைக்காரன் பக்கம் நீட்டினாள். "அப்ப நீங்க யாரு சார்?"

அவன் வாசலைப் பார்த்தான். ஓடினான்!

வாசலில் போலீஸ். அவசர வழிதான் கதி. கவுண்ட்டரைச் சுற்றி, பெட்டிகளைத் தாண்டி...

சர்ர்ர்ர்... தொம்!

துடைத்த தரை தன் வேலையைச் செய்தது. ஃபைல் ஒரு பக்கம் பறந்தது. மல்லாந்து கிடந்தவனின் சட்டை முன்பக்கம் முழுக்கச் சிவப்பு!

"ரத்தம்!" என்றாள் மனைவி.

அதிகாரியம்மா குனிந்து மூக்கை உறிஞ்சினாள்.

"செர்ரி ஒயின். கொஞ்சம் மலிவான சரக்கு."

முன்னால் இருந்த கறையை ஃபைலால் மறைத்தவன் பின்னால் இருந்த லேபிளைப் பார்க்கவே இல்லை.

"பலகைகூட வெச்சிருந்தேன் மேடம்! 'தரை ஈரம்'னு!" கறார் பதறினார். "விதிப்படி வெச்சிருந்தேன்!"

"பாத்தேன், பாத்தேன்."

"அந்த ஃபைல் நம்மளோடதுங்க!" என்றாள் மனைவி. "அப்பவே நினைச்சேன், எங்கயோ பாத்த மாதிரி இருக்கேன்னு!"

கறார் மச்சினனைத் தூக்கி நிறுத்தினார்.

"ஏண்டா, நாடி இல்லன்னு சொன்னியே!"

மச்சினன் கீழே கிடந்தவனின் கையை எட்டிப் பார்த்தான். அசடு வழிந்தான்.

"வாட்ச் கட்டியிருக்கான் மாமா... நான் அந்த வாருக்கு மேல வெச்சுப் பாத்துட்டேன் போல."

போலீஸ்காரர் திருடனைத் தூக்கி நிறுத்தி விலங்கு மாட்டினார். மாட்டியதும் அவனுக்கு வாய் திறந்துகொண்டது.

"என்னை மட்டும் பிடிக்கிறீங்களே! இவங்களைக் கேளுங்க! நான் செத்துட்டேன்னு நினைச்சு என்னை பீரோட பீரா குளிரறையில போட்டாங்க! போலீசுக்குச் சொல்லாம மறைச்சாங்க!"

போலீஸ்காரர் அவனைப் பிடித்தபடியே கறார் பக்கம் திரும்பினார்.

அதிகாரியம்மா கறாரைப் பார்த்தாள்.

"உண்மையா?"

பொய் சொல்லலாம். மனைவியின் கண்கள் பொய் சொல்லச் சொல்லிக் கெஞ்சின. திருடன் வார்த்தைக்கு யார் மதிப்புக் கொடுக்கப் போகிறார்கள்?

"உண்மைதான் மேடம்" என்றார் கறார். "கடை போயிடும்னு பயந்துட்டேன். தப்புதான். சிவப்பு மையை எடுங்க."

அதிகாரியம்மா பையிலிருந்து பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். மனைவி சேலை நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"பிணத்தை மறைச்சா குத்தம்தான். ஆனா இங்க பிணம்னு ஒண்ணு இருந்ததே இல்லயே. ஏன் கான்ஸ்டபிள்?"

"அதோ, பேசிக்கிட்டே இருக்குங்க மேடம்" என்றார் போலீஸ்காரர்.

"அதனால அது உங்க கேஸ் இல்ல. என் கேஸ் ஒண்ணே ஒண்ணுதான். சரக்கு அறையில விற்பனைக்கு இல்லாத பொருள் ஒண்ணு இருந்திருக்கு. அதுல லேபிள் ஒட்டியிருந்ததா?"

எல்லோரும் திருடனின் முதுகைப் பார்த்தார்கள்.

"ஒட்டியிருக்கு. நேராவும் ஒட்டியிருக்கு." பேனா ஓடியது. நீல மை! "ரெண்டாவது தடவை வந்தப்பவே இதைப் பாத்துட்டேன். அதான் போய் இவரைக் கூட்டிட்டு வந்தேன். எங்க டிபார்ட்மெண்ட்ல யாரும் முதுகுல இப்படி எழுதி ஒட்டிக்கிட்டு வர்றதில்ல. ஒட்டிக்கிட்டு வந்தாலும் யாரும் நம்பறதில்ல."

முத்திரை விழுந்தது. புது லைசென்சைக் கறாரின் கையில் கொடுத்தாள்.

"அடுத்த தடவை பிணம் கெடந்தா முதல்ல போலீசுக்கு போன் பண்ணுங்க. அப்புறம் லேபிள் ஒட்டலாம்."

"சரிங்க மேடம்!"

"ஐயா" என்று விலங்கோடு கெஞ்சினான் திருடன். "தலை வெடிக்குது... அந்தச் சின்ன பிராந்தி மட்டும்..."

"கார்டு?" என்றார் கறார்.

போலீஸ்காரர் அவனை இழுத்துக்கொண்டு போனார்.

"மேடம், என்ன கேஸ்னு எழுதறது?" என்று வாசலில் நின்று கேட்டார்.

"பில் இல்லாம வெளிய போன சரக்குன்னு எழுதுங்க!" என்று மச்சினன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். பயம் போனதும் அவனுக்கு வாய் வந்துவிட்டது.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். கறார் புது லைசென்சைச் சட்டத்துக்குள் நுழைத்துச் சுவரில் மாட்டினார். சாய்வாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்து, நேராக்கினார். சிவப்பு மையே இல்லாத லைசென்ஸ்! பார்க்கப் பார்க்கத் திகட்டவில்லை.

அதிகாரியம்மா ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அப்பாடா... காலையிலேர்ந்து மூணு தடவை நடந்தாச்சு. இப்பவாவது அந்த பாக்கெட்டைக் குடுங்கய்யா."

கறார் பாக்கெட்டை எடுத்தார். கவுண்ட்டர் மேல் வைத்தார். அவள் கை நீண்டது.

கறார் பாக்கெட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"என்னய்யா? அதான் அசல் கார்டு காட்டிட்டேனே!"

"அதாலதான் மேடம் பிரச்சினையே. டியூட்டியில இருக்கற அரசு அதிகாரிக்கு விக்கக் கூடாது. நீங்க போட்ட கையெழுத்துக்கு ரெண்டு வரி மேலயே இருக்கு, பாருங்க."

அதிகாரியம்மா சுவரைப் பார்த்தாள். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தாள். இருந்தது.

"யோவ்... முதல் ரெண்டு தடவைதான்யா சோதனை. இது நிஜமாவே எனக்கு வேணும்யா!"

"சாயந்தரம் டியூட்டி முடிச்சுட்டு வாங்க மேடம்... மறக்காம கார்டோட!"

மனைவி ஆதரவாக அந்த அம்மாளின் தோளைத் தொட்டாள்.

"விடுங்க மேடம். கல்யாண மேடையில என்கிட்டயே கார்டு கேட்ட மனுஷன் இவரு... நானே நகலைக் காட்டித்தான் ஏமாத்தினேன்!"